சேலத்துக் கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு: குழந்தைக் கண்ணாடியின் விலையைப் பிரித்துச் சொல்லுங்கள்

வணக்கம்.

ஐந்து ரோட்டிலும் செர்ரி ரோட்டிலும் ஓமலூர் ரோட்டிலும் ஏசி போட்ட கடை வைத்திருப்பவர்களுக்கும், கடை வீதிச் சந்துகளில் ஒரு ஷோகேஸும் இரண்டு ஸ்டூலுமாக அப்பா காலத்திலிருந்து கண்ணாடி மாட்டிவிடுகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். குழந்தைக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். ஃப்ரேம் எவ்வளவு, லென்ஸ் எவ்வளவு, லென்ஸ் மேல் வருகிற ஒவ்வொரு கோட்டிங்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள், அதை அப்படியே பில்லில் எழுதிக் கொடுங்கள், அதில் எது பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும், எது இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதையும் நாங்கள் கேட்காமலே சொல்லுங்கள். தள்ளுபடி கேட்கவில்லை. இலவசமும் கேட்கவில்லை.

நேரில் கேட்டால் ஆகாதா என்பீர்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான்காம் வகுப்பு படிக்கும் எங்கள் சின்னவளுக்கு இந்த வருஷம் மைனஸ் பவர் வந்துவிட்டது. போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் டைரியில் குறித்து அனுப்பினார், கண் டாக்டரிடம் காட்டினோம், சொட்டு மருந்து விட்டு முறையாகப் பார்த்து வலது 2.25, இடது 1.75, கூடவே கொஞ்சம் சிலிண்டர் (ஒரு சாய்வில் மட்டும் சேர்க்கிற பவர்) என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு ஒரு பெரிய கடைக்குப் போனால், பாப்பாவுக்கு மிட்டாய், எனக்குத் தண்ணீர், ஒரு டஜன் ஃப்ரேம் மாட்டிக் கழற்றல் எல்லாம் முடிந்து கடைசியில் கால்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினார்கள். 3,850 ரூபாய். எது எதுக்கு எவ்வளவுங்க என்றேன். “செட்டாத்தாங்க்கா வருது” என்றார் கவுன்டரில் நின்ற தம்பி. லென்ஸ் மட்டும் தனியாகச் சொல்லுங்க என்று மறுபடியும் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது: “குழந்தை கண்ணு விஷயம்க்கா, இதுல போயி கணக்குப் பாக்கறீங்களே.”

கணக்குப் பார்ப்பதுதான் தம்பி என் பிழைப்பே. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் ஒரு மூட்டை துவரம்பருப்பு வெளியே போனால்கூட எடை, கிலோ விலை, சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை என்று தனித்தனி வரியில் எழுதினால்தான் வாங்குகிறவர் பையில் கை விடுவார். மொத்தமா இவ்வளவு ஆச்சுங்க என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிஷம் எதிர் மண்டியில் நிற்பார். அவரிடம் “சாப்பாட்டு விஷயம், இதுல போயி கணக்குப் பாக்கறீங்களே” என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை.

உங்கள் கடைகளில் மட்டும் அந்தப் பேச்சு செல்லுபடியாகிறது, ஏனென்றால் குழந்தையின் கண் என்றவுடன் எந்த அம்மாவுக்கும் வாய் அடைத்துப் போகிறது. பணம் இருக்கிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அது அவர்கள் பாடு. இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? “சரிங்க, அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் வர்றோம்” என்று சீட்டை மடித்து வைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். அடுத்த மாதம் ஸ்கூல் ஃபீஸ், அதற்கடுத்த மாதம் யாருக்காவது காய்ச்சல். பிள்ளை அரையாண்டுத் தேர்வு வரைக்கும் பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதுகிறது. அந்த அம்மாவுக்கு ஆயிரத்துச் சில்லறையில் நல்ல கண்ணாடி அதே கடையில் அதே அலமாரியில் கிடைத்திருக்கும், அது இருப்பதையே யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எனக்கு அது தெரிந்தது சந்துக்கடையில். அதே சீட்டு. அங்கே இருந்த பெரியவர் சீட்டைப் படித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டே வரி எழுதினார்: குழந்தை டிஆர் ஃப்ரேம் 450, பாலி லென்ஸ் ஹார்ட் கோட்டிங்கோடு ஜோடி 700. மொத்தம் 1,150. (டிஆர் என்பது லேசான, வளைந்துகொடுக்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக்.) இன்னும் குறைக்கணும்னா சாதா பிளாஸ்டிக் லென்ஸ் போடலாம், 300க்கு வரும், ஆனா ஓடி விளையாடற புள்ளை, பாலியே போட்டுருங்க என்றார். அவரும் விலை கூடியதைத்தான் எனக்கு விற்றார் பாருங்கள். காரணத்தைச் சொல்லி விற்றார், நான் வாங்கினேன்.

அவர் சொன்ன காரணம் சரியானதும்கூட. சாதா பிளாஸ்டிக் என்று நாம் சொல்வது சிஆர்-39. பார்வைக்கு அதில் ஒரு குறையும் கிடையாது, இன்னும் சொன்னால் பாலி என்று நாம் சொல்கிற பாலிகார்பனேட்டைவிடத் துல்லியம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் பந்து பட்டாலோ, கீழே விழுந்தாலோ பாலிகார்பனேட் லேசில் உடைந்து கண்ணில் தெறிக்காது, எடையும் குறைவு. புற ஊதாக் கதிரை அந்தப் பொருளே தடுத்துவிடுகிறது, அதனால் ‘யூவி கோட்டிங்’ என்று அதற்குத் தனியாகக் காசு வாங்க வழியே இல்லை. அதற்கு இருக்கிற குறை, சீக்கிரம் கீறல் விழும், அதனால் ஹார்ட் கோட்டிங் வேண்டும். ஆக, ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் பாலி லென்ஸ், ஹார்ட் கோட்டிங், மூக்கில் ஒழுங்காக உட்காரும் ஒரு ஃப்ரேம். இவ்வளவுதான் கட்டாயம். கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிக்காமல் இருக்க ஆன்டி-க்ளேர் போட்டால் நன்றாகத்தான் இருக்கும், வசதி உள்ளவர்கள் போடட்டும், அதை ‘இருந்தா நல்லாருக்கும்’ என்ற வரியில் எழுதுங்கள்.

ப்ளூ கட்டுக்கு, அதாவது செல்போன் திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று சொல்லி விற்கிற லென்ஸுக்கு, வருகிறேன். 3,850இல் அதுதான் பெரிய பங்காக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் அந்தத் தம்பி அதிக நேரம் பேசினார். ஒரு வெள்ளை அட்டை, ஒரு குட்டி லேசர் பேனா, இரண்டு லென்ஸ். சாதா லென்ஸ் வழியாக லேசரை அடித்தால் அட்டையில் பளிச்சென்று ஊதா நிற வட்டம் விழுகிறது. ப்ளூ கட் லென்ஸை நடுவில் பிடித்தால் வட்டம் காணாமல் போகிறது. பாப்பா கை தட்டினாள். “பாத்தீங்களாக்கா, செல்போன்ல இருந்து வர்றது பூரா இப்படித்தான் கண்ணுக்குள்ள போகுது” என்றார். அந்தப் பேனாக்களில் பெரும்பாலும் வருவது 405 நானோமீட்டர் அளவிலுள்ள ஊதா ஒளி. செல்போன், டிவி திரையின் நீலம் 450ஐ ஒட்டி இருப்பது. நிறமில்லாமல் தெளிவாகத் தெரிகிற ப்ளூ கட் லென்ஸ்கள் முதலாவதை நன்றாகத் தடுக்கும், இரண்டாவதில் கொஞ்சத்தைத்தான் தடுக்கும், எல்லாவற்றையும் தடுத்தால் லென்ஸ் மஞ்சளாக அல்லவா தெரியும். ஆக அந்த அட்டையில் காட்டியது வேறு ஒளி, பயமுறுத்தியது வேறு ஒளி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் என்ற சர்வதேசக் குழு 2023இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை இந்த லென்ஸ் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியும் இதைப் பரிந்துரைப்பதில்லை. செல்லைப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பதுதான் தொந்தரவு, அதற்கு மருந்து செல்லைப் பிடுங்கி வைப்பது, அதற்குக் கோட்டிங் கிடையாது. விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு விற்றுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இது இல்லாவிட்டால் கண் கெட்டுவிடும் என்ற பேச்சை மட்டும் நிறுத்துங்கள், அந்த லேசர் பேனாவையும் டிராயருக்குள் போட்டுவிடுங்கள்.

விலை கூடிய லென்ஸ் எல்லாமே ஏமாற்று என்றும் நான் நினைக்கவில்லை. மைனஸ் வேகமாக ஏறுகிற பிள்ளைகளுக்கு அந்த வேகத்தைக் குறைக்கவென்றே தனியாக லென்ஸ் வந்திருக்கிறது, ஹாங்காங்கில் இரண்டு வருஷம் பிள்ளைகளை வைத்துப் பார்த்த ஆய்வில் ஏறும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2020இல் வெளியிட்டார்கள். ஆனால் அது யாருக்கு வேண்டும், எப்போது வேண்டும் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், டார்கெட் வைத்திருக்கும் சேல்ஸ் தம்பி சொல்லக் கூடாது.

அப்புறம் இந்த மெல்லிசு லென்ஸ் விவகாரம். லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண் கூடக் கூட லென்ஸ் மெல்லிசாகும், விலையும் கூடும். 1.67 போடுங்க, இல்லாட்டி லென்ஸ் தடியா வெளிய நீட்டிட்டு நிக்கும் என்கிறீர்கள். மைனஸ் இரண்டுக்கா? எனக்கு இது புரியாமல்தான் இருந்தது, காது கம்பியின் உள்பக்கம் அச்சடித்திருக்கிற எண்களைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு புரிந்தது. முதல் கடையில் மாட்டிவிட்ட ஃப்ரேமில் 49, 18 என்று இருந்தது. ஒரு பக்கத்து லென்ஸின் அகலம் 49 மில்லிமீட்டர், மூக்கின் மேல் வரும் பாலம் 18. கூட்டினால் 67. என் பெண்ணின் கருமணிக்கும் கருமணிக்கும் நடுவே உள்ள தூரம் 54. அப்படியென்றால் அவள் கண் லென்ஸின் நடுவில் இல்லாமல் ஒவ்வொரு பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் மூக்கை நோக்கித் தள்ளி நிற்கிறது. மைனஸ் லென்ஸ் நடுவில் மெல்லிசு, ஓரத்தில் தடிசு. லென்ஸின் மையத்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர அதை மூக்குப் பக்கம் நகர்த்தி வெட்டுகிறார்கள், அதனால் காதுப் பக்கம் அதன் தடித்த ஓரம் மிஞ்சி நிற்கிறது. பிள்ளை முகத்துக்குப் பெரிய ஃப்ரேமை நீங்களே மாட்டிவிட்டு, அதனால் வருகிற தடிப்பைக் குறைக்க விலை கூடிய லென்ஸையும் நீங்களே விற்கிறீர்கள்! சந்துக்கடையில் எடுத்தது 44, 16. ஓரம் ஃப்ரேமுக்குள்ளேயே அடங்கிவிட்டது. வளர்ற புள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கோங்க என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். பவரே வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற வயசு, கண்ணாடி அவள் வளரும் வரை காத்திருக்கப் போவதில்லை, மூக்கிலிருந்து வழுக்கத்தான் போகிறது, அவள் அதற்கு மேலாகப் பார்க்கப் பழகிவிடுவாள்.

அந்தப் பெரியவர் வேலை செய்ததைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்களில் பலருக்கு இது தினப்படி வேலைதான், எனக்கு அதிசயமாக இருந்தது. பாப்பாவை எதிரில் உட்கார வைத்து, ஒரு சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து, என் இந்தக் கண்ணைப் பார், இப்போ அந்தக் கண்ணைப் பார் என்று சொல்லி 54 என்று சீட்டின் மூலையில் குறித்தார். லென்ஸை மீட்டரில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிலிண்டரின் சாய்வு சரியான கோணத்துக்கு வந்ததும் டக்கென்று மூன்று புள்ளி குத்தினார், நடுப்புள்ளிதான் கண்ணுக்கு நேரே வர வேண்டிய இடமாம். பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்டச் சாணை ஓடியது. லென்ஸை ஃப்ரேமில் ஏற்றியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, காது கம்பியைச் சூடு காட்டி, காதுக்குப் பின்னால் வளைத்து, தலையை ஆட்டு பாப்பா, கீழே குனி, குதி என்று குதிக்கச் சொல்லி, இடது பக்கம் ஒரு நூல் ஏறியிருக்கிறது என்று கழற்றி மறுபடி சூடு காட்டினார். அப்புறம் வாசலுக்குக் கூட்டிப்போய் எதிர்ச் சுவரைக் காட்டி அங்க என்ன எழுதியிருக்கு படி என்றார். சுவர் முழுக்க ஒரு சினிமா போஸ்டர், ஹீரோ முகம் அவள் உயரத்துக்கு இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு அடி ஓரத்தில் இருந்த ‘தினசரி 4 காட்சிகள்’ என்பதைப் படித்தாள்.

இந்த வேலைக்குக் கூலி எவ்வளவு என்று அவர் தனியாகப் போடவில்லை. போட்டிருக்கலாம் என்றுதான் சொல்வேன். நீங்களும் போடுங்கள். ‘ஃபிட்டிங் 150’ என்று ஒரு வரி இருந்தால் எந்த அம்மா சண்டைக்கு வரப் போகிறாள்? கடை வாடகை, அந்தச் சாணை மெஷின், ஃபிட்டர் சம்பளம், விற்காமல் பழசாகிற ஃப்ரேம், வெட்டும்போது உடைகிற லென்ஸ், ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை கம்பியை வளைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குச் சும்மா சரிசெய்து கொடுப்பது, இதற்கெல்லாம் எங்கிருந்தோ காசு வந்தாக வேண்டும் என்பது மண்டிக் கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரியாதா. அந்தக் காசை உழைப்பின் பெயரிலேயே வாங்குங்கள் என்கிறேன், கோட்டிங் பெயரில் ஒளித்து வாங்காதீர்கள்.

கருமணித் தூரம், நீங்கள் பி.டி. என்பது, அதைச் சீட்டில் எழுதிக் கேட்டால் பல கடைகளில் முகம் சுளிக்கிறது. அது எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, உங்களுக்கு எதுக்கு என்கிறார்கள். எதுக்கு என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், எழுதிக் கொடுத்தால் ஆன்லைனில் வாங்கிவிடுவோம் என்ற பயம். சிலர் வாங்குவார்கள்தான். ஆனால் சிலிண்டர் இருக்கிற குழந்தைக்கு ஆன்லைனில் ஃப்ரேம் வாங்கி அது காதில் நிற்காமல் கடைசியில் உங்களிடமேதான் ‘அண்ணா, கொஞ்சம் வளைச்சு விடுங்க’ என்று வந்து நிற்பார்கள். பவர் சீட்டு பிள்ளையுடையது, கடையுடையது அல்ல. அமெரிக்காவில் 1978இலிருந்தே, கண் சோதித்தவர் நோயாளி கேட்காமலே சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் ஊரில் விதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு பேனா போதும்.

இலவசக் கம்ப்யூட்டர் கண் பரிசோதனை என்று வாசலில் பேனர் கட்டியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களுக்குச் செய்யுங்கள். முதல் தடவையாக வருகிற சின்னப் பிள்ளையை அந்த மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி வருகிற எண்ணுக்கு அப்படியே லென்ஸ் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் கண் தன்னையறியாமல் கிட்டத்துக்குக் குவிந்துகொள்ளும், இல்லாத மைனஸை மெஷின் இருப்பதாகக் காட்டும், அதனால்தான் டாக்டர்கள் சொட்டு மருந்து விட்டு அந்தக் குவிப்பைத் தளர்த்திவிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்து அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகப் போயிருந்தால் அதையும் டாக்டர்தான் கண்டுபிடிக்க முடியும், ஏழெட்டு வயசுக்குள் கண்டுபிடித்தால்தான் சுலபமாகச் சரிசெய்யலாம். காசு பிரச்சினை என்று சொல்கிறவர்களுக்கு மோகன் குமாரமங்கலம் அரசு ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு வழி சொல்லி அனுப்புங்கள், சீட்டோடு உங்களிடமே திரும்பி வருவார்கள்.

உங்கள் வாய்வார்த்தைக்கு எங்கள் வீடுகளில் இருக்கிற மரியாதை உங்களுக்கே தெரியாது. என் மாமியாருக்குப் பேத்தி கண்ணாடி போடுவதில் இஷ்டமே இல்லை. பொட்டப்புள்ளைக்கு இந்த வயசிலேயே எதுக்கு, போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும், பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் குடு, தானா போயிடும் என்று ஒரு வாரம் புலம்பினார். அத்தை, கண்ணுருண்டை நீளமா இருக்கறதாலதான் மைனஸ் வருது, கீரை சாப்பிட்டா உருண்டை சுருங்குமா என்று நான் கேட்டதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. சந்துக்கடைப் பெரியவர், “அம்மா, கீரையும் குடுங்க, கண்ணாடியும் போடுங்க, போடலைன்னாதான் பாப்பாவுக்குத் தலைவலி” என்றார், முடிந்தது. அதேபோல, பாதி பவர் போட்டுப் பழக்குங்க என்று கேட்கிற பெற்றோர் உங்களிடம் வருவார்கள். முடியாது என்று சொல்லுங்கள். மலேசியாவில் அப்படிப் பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், 2002இல் முடிவு வெளிவந்தது, குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் மைனஸ் வேகமாக ஏறியிருந்தது. நாங்கள் சொன்னால் படிச்ச திமிர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் சோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். நாத்தனார் பையன் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், எட்டாவது, அவனுக்கு அப்படித்தான் கிடைத்தது, நன்றாகவே இருந்தது. ஒரு நாள் கம்பியின் திருகாணி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் காப்பித் தோட்டத்தில் வேலை, பழம் பறிக்கிற சீசன், ஒரு திருகாணிக்காக இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஊக்கை மாட்டிக்கொண்டு சுற்றினான் பயல், அது கன்னத்தில் குத்துகிறதென்று கழற்றியும் வைத்துவிட்டான். உங்கள் கடையில் அந்தத் திருகாணிக்கு நீங்கள் காசே வாங்குவதில்லை. மலையிலிருந்து வருகிற பிள்ளைக்கு, வாழப்பாடி, மேச்சேரி என்று தூரத்திலிருந்து வருகிற பிள்ளைக்கும்தான், டப்பாவுக்குள் துடைக்கிற துணியோடு இரண்டு திருகாணியும் ஒரு ஜோடி மூக்குப் பேடும் போட்டுக் கொடுத்தால் எவ்வளவு பெரிய உபகாரம். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று 2,500க்குத் தலையில் கட்டுவதைவிட இது மேல். அடுத்த வருஷம் பவர் மாறினால் ஃப்ரேமை வைத்துக்கொண்டு லென்ஸ் மட்டும் மாற்றித் தருகிறோம், இவ்வளவு ஆகும், என்று இப்போதே சொல்லி வைப்பது இன்னும் மேல்.

இலவசத் திட்டத்துக்குள் வராதவர்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறோம். பிள்ளை படிப்பது சின்னத் தனியார் பள்ளி, வீட்டுக்காரர் கொலுசுப் பட்டறையில் சலங்கை வைத்துப் பற்ற வைக்கிற வேலை. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைகிறது, ஆர்டர் குறைந்தால் வாரக் கூலி குறைகிறது. சிவதாபுரம், பள்ளப்பட்டி, அம்மாபேட்டைத் தறி வீடுகள், எல்லா இடத்திலும் இதே கதைதான். உங்கள் கவுன்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதில் பாதிப் பேர் நாங்கள்தான்.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது தொழில் பழக்கம், விட முடியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடி, லென்ஸ், ஃப்ரேம் மூன்றுக்கும் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு எழுபது ரூபாய் குறைய வேண்டும். குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது, நீங்கள்தான் செட்டாகச் சொல்கிறீர்களே. காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற திட்டத்தில், இருக்கிற சின்னக் கடைகள் வரியைத் தனியாகப் போட முடியாது, அது எனக்குத் தெரியும், அவர்களை அதற்குக் கேட்கவில்லை. ஃப்ரேம் இவ்வளவு, லென்ஸ் இவ்வளவு என்று எழுத அவர்களையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பில்லே கொடுக்காமல் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை மட்டும் எழுதி அனுப்புகிறவர்களுக்கு: 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். 1915க்கு போன் போட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையம் எடுக்கும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நம் ஊர்க் கடை மேல் புகார் கொடுத்து எனக்கு என்ன ஆகப் போகிறது.

ஜூனில் பள்ளி திறக்கும், அடுத்த இரண்டு மாதத்தில் டீச்சர்கள் டைரியில் எழுதி அனுப்ப ஆரம்பிப்பார்கள், உங்களுக்கும் அதுதான் சீசன். அதற்குள் ஏதாவது ஒரு கடை, பெரியதோ சின்னதோ, கவுன்டரில் ஓர் அட்டை வைத்தால் போதும்: குழந்தைக்கான ஃப்ரேம் இந்த விலையில் தொடக்கம், பாலி லென்ஸ் இவ்வளவு, சாதா லென்ஸ் இவ்வளவு, ஃபிட்டிங் இவ்வளவு, மற்ற கோட்டிங்குகள் விருப்பம் இருந்தால். வைத்திருக்கிற கடையின் பெயரை எங்கள் பள்ளி அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவில் நானே போடுகிறேன், விளம்பரத்துக்கு நீங்கள் ஒரு பைசா செலவு செய்ய வேண்டியதில்லை. பில் புத்தகம் எப்படிக் கோடு போட்டு அச்சடிப்பது என்று குழப்பமாக இருந்தால் மாதிரி எழுதித் தருகிறேன், மண்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் செவ்வாய்ப்பேட்டையிலேயே இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தவிர எப்போது வேண்டுமானாலும் வாங்க.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு கணக்குக்கார அம்மா